நகராத மோட்டார் அல்லது நிமிர்ந்த ஊசி

சரஸ்வதி பூஜையன்று ஒரு பள்ளிக்கூட வாத்தியாரம்மாவுக்கு வேலையே கிடையாது. புத்தகத்தைத் தொடக் கூடாது, பேனாவைத் தொடக் கூடாது, பொட்டலம் கட்டி வந்த பத்திரிகைத் துண்டில் கண் தவறி விழுந்தால்கூட அம்பாள் கோபித்துக்கொள்வாள் என்று மயிலாப்பூர் நம்புகிறது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கும் ஜலஜா அன்று பிற்பகல் ஊஞ்சலில் உட்கார்ந்து உத்தரத்துப் பல்லி எந்தப் பக்கம் போகும் என்று துப்பறிந்துகொண்டிருந்தாள்.

"இன்னா டீச்சரம்மா, ஊஞ்சல் ஆடிக்கினு கீறீங்க? வெளிய மயிலாப்பூரே ஓடிக்கினு கீது!"

வாசலிலிருந்து வந்த குரல் முனியனுடையது. முனியன் சாந்தோம் ஜட்காக்காரன். ஜலஜாவைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடுவது அவன் தொழில். அவள் துப்பறியப் போகிற இடங்களுக்கெல்லாம் கூட வந்து வாயடிப்பது அவன் சொந்த விருப்பம். போன வருஷம் மாடவீதி நகைத் திருட்டை அவள் கண்டுபிடித்தாளே, அந்தப் புகழில் பாதி தன்னுடையது என்றும், மீதிப் பாதி தன் குதிரை ராணியுடையது என்றும் அவன் எல்லா வண்டிப்பேட்டையிலும் சொல்லிவைத்திருந்தான்.

வண்டியிலிருந்து முக்காடு போட்ட ஒரு பெண் இறங்கி உள்ளே வந்தாள். பெயர் சகினா. மீர்சாகிப்பேட்டையில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் வலியுல்லாவின் மனைவி. அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள் என்பது அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"எங்க ஊட்டுக்காரரைத் திருடன்றாங்க, டீச்சரம்மா."

"யார் சொல்றா? எதைத் திருடினாராம்?"

"லஸ்ல கீறாரே கல்யாணராம வக்கீலு, அவரு மோட்டார்லேர்ந்து ஒரு சாமானைக் காணோமாம். எஞ்சினுக்கு நெருப்புப் பொறி போடற சாமான். அது இல்லாம வண்டி கெளம்பாதாம். அந்த வண்டியை அவருக்கு வித்ததே எங்க ஊட்டுக்காரருதான்."

"அத்த மோட்டார்னு வித்ததுக்கே ஒரு கேசு போட்டிருக்கலாம்" என்றான் முனியன்.

சகினா அவனைக் கோபித்துக்கொள்ளவில்லை. "அவரு யோக்கியருன்னு நான் சொல்ல வரல. துருப்புடிச்ச பூட்டை எண்ணெய் போட்டுப் புதுசுன்னு விப்பாரு. ஆனா ஏமாத்தி விக்கறது வேற, திருடறது வேறம்மா. நேத்து சாயங்காலம் ஒரு ஊதற ஹார்னை எடுத்துக்கினு வக்கீலு ஊட்டுக்குப் போனாரு. அது ஒண்ணுதான் அவரு செஞ்ச தப்பு. காலையில சப்-இன்ஸ்பெக்டர் கடைக்கே வந்துட்டாரு. விளக்கு வெக்கிற நேரத்துக்குள்ள வக்கீலு ஊட்டுக்கு அந்தச் சாமானோட வந்து நில்லு, இல்லாட்டி கேசுன்னுட்டாரு. கேசு வந்தா பழைய இரும்பு லைசென்ஸைப் புடுங்கிடுவாங்க. அப்புறம் ஒரு ஆணி வாங்கி விக்க முடியாது. நாலு புள்ளைங்களை வெச்சுகினு நான் எங்க போவேன்?"

"காலையிலேயே ஏன் பிடிச்சுண்டு போகலை?"

"ஸ்டேஷன்ல விலங்குக்கெல்லாம் பொட்டு வெச்சுப் பூஜையில வெச்சுகீறாங்களாம். நாளைக்குத்தான் எடுக்கணுமாம்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் ஜலஜா சிரித்திருப்பாள். எதிரே நிற்பவளின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

"முனியா, மயிலாப்பூர் ஓடறதுன்னியே, எங்கே?"

"அதே வக்கீலு ஊட்டுக்குத்தான்! அவரு சம்சாரம் கொலுவுல சரஸ்வதி எறங்கிட்டாளாம். தைக்கிற ஊசி தன்னால எயுந்து ஒத்தக்கால்ல நிக்குதாம். பொம்பளைங்க கூட்டம் தெருக்கோடி வரைக்கும் கீது."

ஜலஜா ஊஞ்சலை விட்டு எழுந்தாள். "ஒரே வீட்டுல ஒரே நாள்ல ஒரு சாமான் காணாமப் போறது, ஒரு சாமி வந்து சேர்றது. வண்டியைத் திருப்பு. வக்கீலாத்து ஜானு எனக்கும் வெற்றிலை பாக்குக்குச் சொல்லியிருக்கா."

"துப்பும் ஆச்சு, சுண்டலும் ஆச்சு" என்று முனியன் சாட்டையை எடுத்தான்.

கல்யாணராமன் வக்கீல் என்பது அவர் வீட்டு வாசல் பலகையைப் பார்த்தால் தெரியும்; வேறு எந்த வகையிலும் தெரியாது. கட்சிக்காரர்கள் அந்தப் படியேறி வருவது அபூர்வம். இப்படி ஓய்ந்திருந்த மனிதருக்குப் போன வருஷம் ஒரு யோசனை வந்தது. மோட்டார் வாங்குவதைவிட மோட்டாரைத் தானே புதுப்பிப்பதுதான் கெட்டிக்காரத்தனம். அடையாற்றில் ஒரு துரை பங்களாவின் பின்கட்டில் கோழிகள் ஏறி முட்டையிட்டுக்கொண்டிருந்த பழைய கார் ஒன்று இருந்தது. வலியுல்லா கோழிகளை இறக்கிவிட்டுக் காரை இவர் தலையில் ஏற்றிவிட்டார்.

அதற்கு முன் வக்கீல் ஒரு சைக்கிளுக்குக்கூடக் காற்றடித்தது கிடையாது. சீமையிலிருந்து ஒரு புத்தகம் தருவித்தார். முதல் அத்தியாயம் படித்த உற்சாகத்தில் எஞ்சினைக் கடைசித் திருகாணி வரை கழற்றிக் கொட்டகை முழுவதும் பரப்பினார். பிறகு இரண்டாவது அத்தியாயத்தைத் திறந்தார். கழற்றும்போதே ஒவ்வொன்றுக்கும் அடையாளச் சீட்டுக் கட்டி வைக்க வேண்டும் என்று அது ஆரம்பித்தது.

ஜலஜாவைக் கண்டதும் வக்கீல் உற்சாகமாகக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். திருட்டுக் கொடுத்தவர் முகத்தில் இருக்க வேண்டிய வாட்டம் இல்லை. பல்வலி போன மறுநாள் முகம் அது.

"பார்த்தேளா! முழுக்க முழுக்க என் கையால பண்ணினது."

பார்த்தால் தெரிந்தது. வாசல் கேட்டுக்கு அடித்த பச்சைப் பெயிண்டில் மிச்சம் காருக்கு வந்திருந்தது. ஆசனத்துக்குள் தேங்காய்நார். அதிலிருந்து அங்கங்கே குடுமி மாதிரி நார் எட்டிப்பார்த்தது. கிரீஸில் மிருகக் கொழுப்புக் கலக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். மடிக்கு ஆகாதென்று சக்கரத்திலிருந்து எஞ்சின் வரை நல்லெண்ணெய்தான். கொட்டகையில் சனிக்கிழமை காலை ஸ்நான அறையின் வாசனை அடித்தது. பின்சக்கரத்தின் மேல் எறும்புகள் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்தன. பிரேக்குக்குத் தோல் வேண்டும் என்று புத்தகம் சொல்லியிருந்தது. தோலைத் தொடுவானேன் என்று வக்கீல் கோணிச்சாக்கை மடித்து வைத்துத் தைத்திருந்தார்.

முனியன் ஒரு பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக் குலுக்கினான். உள்ளே திருகாணிகளும் சுருள்கம்பிகளும் பல்சக்கரங்களும் கலகலத்தன.

"இன்னா சார், மோட்டாரை மாட்டி முடிச்சப்புறம் இம்மாஞ் சாமான் மிச்சம் கீது?"

"வெள்ளைக்காரன் எப்பவுமே ஜாஸ்தியா வெச்சுடுவான். நான் தேவையானதை மட்டும் மாட்டினேன்."

"அப்ப மீதியில ஒரு குட்டி மோட்டார் பண்ணிடலாமே?"

வக்கீல் அதைக் காதில் வாங்கவில்லை. "நாளைக்கு விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து இங்கேருந்து கடற்கரைக்கு ஓட்டிண்டு போறதா இருந்தேன். கோர்ட்டுலேர்ந்து எல்லாரும் மாலையோட வரா. இந்தப் படுபாவி காரியத்தைக் கெடுத்துட்டான்!"

"காணாமப் போனது எப்படி இருக்கும்?" என்று கேட்டாள் ஜலஜா.

"கனமா இருக்கும். குதிரை லாடம் மாதிரி வளைஞ்ச இரும்பு, நாலைஞ்சு பட்டை சேர்த்து வெச்சிருக்கும். அதுதான் காருக்கு இருதயம்."

"அப்ப மோட்டாருக்குள்ளயும் குதிரைதானா!" என்று முனியன் வெளியே நின்ற ராணியைப் பெருமையாகப் பார்த்தான்.

ஜலஜா வக்கீலின் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். வருஷா வருஷம் மூன்றாம் பாரத்துப் பெண்களுக்கு அவள் ஒரு லாடத்தைக் காட்டிப் பாடம் நடத்துகிறாள். அதை மனசில் வைத்துக்கொண்டு எஞ்சின் பக்கம் குனிந்தாள். ஆயுத பூஜைக்காக எஞ்சின் முழுக்கச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. சாமான் போன இடம் வெறுமையாக இருந்தது. அதை ஒட்டியிருந்த இரும்பு விளிம்பில் ஒரு பொட்டு. அதில் பாதிதான் இருந்தது. கத்தியால் வெட்டியதுபோல் நேராக நின்றுவிட்ட அரைப் பொட்டு.

"காணோம்னு எப்போ பார்த்தேள்?"

"விடியற்காலம் ஸ்நானம் பண்ணிட்டு நேரே இங்கே வந்தேன். அப்பவே இல்லை. ராத்திரியே கழட்டிண்டு போயிருக்கான்."

"இந்தப் பொட்டெல்லாம்?"

"அதுக்கப்புறம் ஜானு வந்து வெச்சா. ஒரு சாமான் போச்சுன்னு மத்த சாமானுக்குப் பூஜை பண்ணாம இருக்க முடியுமா?"

வெளியே வந்ததும் முனியன் கிசுகிசுத்தான். "பாதிப் பொட்டு வெக்கிற வழக்கம் உங்க ஊட்டுப் பக்கம் உண்டா, டீச்சரம்மா?"

"கிடையாது. முழுப் பொட்டா வெச்சிருக்கா. பாதி சாமான் மேல, பாதி விளிம்பு மேல. அப்புறம் யாரோ சாமானைக் கழட்டியிருக்கா. அதோட மீதிப் பாதியும் போயிடுத்து."

"அப்ப பொட்டு வெக்கிறப்ப சாமான் அங்கதான் கீது. வலியுல்லா நேத்தே ஊட்டுக்குப் போயிட்டாரு. பொட்டு வெச்சது வக்கீலம்மா..." முனியன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "அந்தம்மாவுக்கு இந்த மோட்டாரைக் கண்டாலே ஆவாதுன்னு தெருவே சொல்லுது. ஊட்டு நல்லெண்ணெய் பூரா அதுதானே குடிக்குது!"

ஜலஜாவுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. ஜானு அவளுக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி. சந்தேகம் வந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

கூடத்தில் நுழைய இடமில்லை. படிப்படியாய்க் கொலு. அதன் முன்னே மணையின் மேல் புத்தகங்களை அடுக்கி, வயலினைச் சாய்த்து, சரஸ்வதி படம் வைத்திருந்தது. அடுக்கின் ஓரத்தில் சிவப்புப் பட்டில் சுற்றிய பெரிய மூட்டை ஒன்று. அந்தப் பட்டின் மேல் சின்னத் தையல் ஊசி ஒன்று, யாரும் பிடிக்காமல், விறைப்பாக நின்றுகொண்டிருந்தது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு மாமி பாடத் தொடங்கி, அழுகை வந்து நிறுத்தினாள்.

ஜானு கல்யாணப் பெண் மாதிரி மலர்ந்திருந்தாள். இத்தனை வருஷமாக அவள் கொலுவைப் பார்க்க வந்தவர்களெல்லாம் அடுத்த வீட்டுக் கொலுவைப் பற்றியே பேசிவிட்டுப் போவார்கள். இன்று ஊரே அவள் கூடத்தில்.

"ஜலஜா! பார்த்தியா இந்த அதிசயத்தை? கத்திரியையும் ஊசியையும் பூஜையில வெச்சேன். கத்திரி தானா நகர்ந்து மூட்டைகிட்டப் போச்சு. ஊசியை எடுத்து மேல வெச்சேன், எழுந்து நின்னுடுத்து!"

ஜலஜா அவளை ஓரமாக அழைத்துப் போனாள். "காருக்குப் பொட்டு வெச்சது நீதானே? லாடம் மாதிரி வளைஞ்ச இரும்புக்கும் வெச்சியா?"

"வெச்சேனே. கை தவறிப் பாதி பக்கத்துல ஒட்டிண்டுடுத்து. எதுக்குக் கேக்கறே?"

"அது அங்கே இருந்துதா?"

"நன்னாக் கேட்டே! இல்லாத சாமானுக்குப் பொட்டு வைக்க எனக்கென்ன பைத்தியமா?"

"ஜானு, திருட்டுப் போச்சுன்னு உங்காத்துக்காரர் புகார் கொடுத்திருக்கறது அதைத்தான்."

ஜானுவின் கையிலிருந்த குங்குமச் சிமிழ் தாழ்ந்தது. "அதையா? ஏதோ சாமான்னுதானே எங்கிட்டச் சொன்னார். போலீஸ்காரர் இங்கேதான் உட்கார்ந்து காபி சாப்பிட்டார். நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே!"

அவள் முகத்தில் பொய் இல்லை. ஜலஜாவுக்குச் சந்தேகம் விட்டுப்போனதில் பெரிய நிம்மதி. அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. சப்-இன்ஸ்பெக்டர் சுவாமிநாதன் வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் நடைக்கு வெளியே வலியுல்லா, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். சகினா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள். முனியன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே தலையை நீட்டினான்.

"சாமான் எங்கேப்பா?" என்றார் சுவாமிநாதன்.

"எடுக்காத சாமானை எங்கேர்ந்து சார் கொண்டாறது? வேணும்னா வேற ஒண்ணு செகண்ட் ஹாண்ட்ல..."

"சும்மா இருங்க!" என்றாள் சகினா.

"சார்," என்று ஜலஜா குறுக்கிட்டாள், "சாமான் இந்த ஆத்தை விட்டு வெளியிலேயே போகலை." அரைப் பொட்டைப் பற்றிச் சொன்னாள். பொட்டு வைக்கும்போது சாமான் இருந்தது என்று ஜானு சொன்னதையும் சொன்னாள்.

எல்லாரும் வக்கீலைப் பார்த்தார்கள். அவருக்கு வேர்த்தது. ஆனால் கோர்ட்டில் வராத சமயோசிதம் அன்று வீட்டில் வந்தது.

"அப்படியா? அப்போ சந்தேகமே இல்லை. பொட்டு வெச்சவதான் எடுத்திருக்கணும்! இவளுக்கு என் கார்னாலே கரிக்கும். நாளைக்கு நான் கிளம்பக் கூடாதுன்னு ஒளிச்சு வெச்சிருக்கா. குடும்ப விஷயம், இன்ஸ்பெக்டர் சார். நான் பேசித் தீர்த்துக்கறேன்."

ஜானு அவரைப் பார்த்த பார்வையை ஜலஜாவால் நெடுநேரம் பார்க்க முடியவில்லை. அத்தனை பெண்கள் நடுவில், தன் கொலுவின் முன்னால், கட்டின புருஷன் அவளைத் திருடி ஆக்கிவிட்டான். ஜலஜாவுக்கு அதுவரை அந்த ஆளைப் பார்த்தால் சிரிப்புத்தான் வந்துகொண்டிருந்தது. இப்போது ஆத்திரம் வந்தது.

"பேசித் தீர்க்க வேண்டாம். சாமான் எங்கே இருக்குன்னு அந்த ஊசி காலையிலேர்ந்து சொல்லிண்டே இருக்கு" என்றாள். ஜானுவின் கையிலிருந்த வெள்ளிச் சிமிழின் சின்ன மூடியை வாங்கி, பூப் போடுகிற மாதிரி மூட்டையின் மேல் போட்டாள். அது விழுந்து பேசாமல் கிடந்தது. தன் வளையலில் தொங்கிய இரும்பு ஊக்கைக் கழற்றி, அதே இடத்தில் போட்டாள். ஊக்கு துள்ளி எழுந்து ஊசிக்குத் துணையாக நின்றது.

"வெள்ளிக்கு எழுந்துக்கலை. இரும்புக்குத்தான் எழுந்துக்கறது. அந்த மூட்டைக்குள்ள ஒரு பெரிய காந்தம் இருக்கு. தீப்பொறி போடற சாமானுக்குள்ள இருக்கற லாடம் காந்தந்தான். மூட்டையை வெச்சது யாரு?"

"சட்டப் புத்தகம்னார்" என்றாள் ஜானு மெதுவாக. "பொட்டு வெச்சுட்டு நான் அடுக்களைக்குப் போனப்புறம் அவரே கொண்டுவந்து வெச்சார்."

"அட, சட்டம் இம்மாம் பலமானதா!" என்றது ஜன்னல்.

கல்யாணராமன் மார்பை நிமிர்த்தினார். "எல்லாம் யூகம். திறந்து பார்த்தால்தானே தெரியும்? நாளைக்குக் காலையில புனர்பூஜை ஆகாமல் சரஸ்வதி அடுக்கைக் கலைக்கலாமா? கலைக்கிறவா கலையுங்கோ பார்ப்போம்! இன்ஸ்பெக்டர் சார், நீங்க கலைக்கிறேளா?"

சுவாமிநாதன் இரண்டடி பின்னால் போனார். பூஜையில் இருக்கும் விலங்கையே தொடாதவர், சரஸ்வதியைத் தொடுவாரா? "நாளைக்குக் காலையில திறந்துடலாம்" என்றார். "அதுவரைக்கும் வலியுல்லா ஸ்டேஷன்ல இருக்கட்டும். ஒரு ராத்திரிதானே?"

சகினாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. ஜலஜா பல்லைக் கடித்தாள். ஒரு ராத்திரி போதும். வக்கீல் தன் வீட்டில் தானே மூட்டையைப் பிரித்து, உள்ளே நாலு சட்டப் புத்தகத்தை வைத்துக் கட்டிவிடுவார். காலையில் சரஸ்வதியும் சாட்சி சொல்ல மாட்டாள். தானே போய் அந்தப் பட்டை இழுத்துவிடலாமா என்று நினைத்தாள். இழுத்தால் துப்புக் கிடைக்கும். நாளை முதல் மயிலாப்பூரில் ஒரு வீட்டிலும் அவளை உள்ளே விடமாட்டார்கள், பள்ளிக்கூடத்திலும் சீட்டுக் கிழிந்துவிடும். அவள் கால் நகரவில்லை. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஜானுதான் நகர்ந்தாள். நேரே கொலுவுக்கு முன்னால் போய் ஊசியை எடுத்தாள், ஊக்கை எடுத்தாள், சிவப்புப் பட்டின் முடிச்சில் கைவைத்தாள்.

"ஜானு! புனர்பூஜை ஆகலை!"

"ஆகலைதான்" என்றாள். "பாவம் எனக்கு வரட்டும்."

பட்டு விரிந்தது. கறுத்த லாடங்கள் நல்லெண்ணெயில் பளபளத்தன. உச்சியில் சந்தனமும் குங்குமமுமாக மீதி அரைப் பொட்டு இருந்தது. பாடத் தொடங்கிய மாமி இப்போது வாயைப் பொத்திக்கொண்டாள். அதிசயம் பார்க்க வந்தவர்களில் சிலருக்கு ஜானுவின் மேல்தான் கோபம். சாமி இல்லை என்று ஆக்கிவிட்டாளே என்று. ஜானு யாரையும் பார்க்கவில்லை. அந்தக் கனமான சாமானை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் சப்-இன்ஸ்பெக்டர் காலடியில் வைத்தாள். புதுப் புடவையெல்லாம் எண்ணெய்.

கல்யாணராமன் உட்கார்ந்துவிட்டார். "ஒரு வருஷம்..." என்றார். "கையெல்லாம் கொப்புளம். நூறு தரம் சுத்திப் பார்த்துட்டேன், கிளம்பவே மாட்டேங்கறது. நாளைக்குக் கோர்ட்டே வந்து நின்னு சிரிக்கும். திருட்டுப் போச்சுன்னா யாரும் சிரிக்க மாட்டா, அனுதாபப்படுவா. அவ்வளவுதான் நினைச்சேன். இவனை உள்ளே தள்ளணும்னு நினைக்கலை. ரெண்டு நாள் கழிச்சு சாமான் கிடைச்சுடுத்துன்னு சொல்லிடலாம்னு இருந்தேன்."

ஜலஜாவுக்கு ஒரு நிமிஷம் அவர் மேல் இரக்கம் வந்தது. அந்தக் கொட்டகையில் அந்தக் கொப்புளக் கைகள் ஒரு வருஷம் ஆசையாகத்தான் உழைத்திருக்கின்றன. தோற்றுப்போனதில் தப்பே இல்லை. ஆனால் தோல்வியை மறைக்க அவர் முதலில் ஒரு இரும்புக் கடைக்காரரை எடுத்து மூடினார், அது போதாமல் பெண்டாட்டியை எடுத்து மூடினார். இரக்கம் வந்த வழியே போய்விட்டது.

"மோட்டார் ஓடும்னு நான் எப்ப சார் சொன்னேன்?" என்றார் வலியுல்லா. நியாயம் பேசுகிறவர் குரல் அது. "மோட்டார்னுதானே சொன்னேன்?"

சுவாமிநாதன் தொண்டையைச் செருமினார். பொய்ப் புகார் எழுதிக் கொடுத்ததற்கு ஒரு பிரிவு இருக்கிறது என்றும், பெரிய மனிதராகையால் யோசிக்கிறேன் என்றும் முணுமுணுத்தார். வக்கீலுக்கு உயிர் வந்தது. எழுந்து வலியுல்லாவிடம் போய் முதுகில் தட்டினார். "மனசுல வெச்சுக்காதே. உன் ஹார்னை நானே வாங்கிக்கறேன். சரியாப் போச்சா?"

"சரியாப் போவல" என்றாள் சகினா.

அவள் அதுவரை அந்த வீட்டாரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முக்காட்டைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டாள்.

"காலையில போலீசு கடைக்கு வந்து நின்னப்ப எங்க தெருவே பாத்துச்சு, வக்கீலய்யா. எம் பொண்ணு வாசல்ல நின்னுகினு கேட்டா, அத்தா திருடனான்னு. நான் இல்லன்னேன். தாய் சொன்னா எந்தத் தெரு நம்பும்? நீங்க சொன்னதாலதான் திருடன் ஆனாரு. நீங்களே வந்து எங்க தெருவுல நின்னு, இல்லன்னு சொல்லுங்க."

"மீர்சாகிப்பேட்டைக்கா? நானா?" கல்யாணராமன் சிரிக்கப் பார்த்தார். "என்ன இன்ஸ்பெக்டர் சார், இப்படியெல்லாம் சொல்றதுக்குச் சட்டத்துல இடம் இருக்கா?"

"பிரிவை யோசிச்சுண்டே இருந்தேன்" என்றார் சுவாமிநாதன். "இப்போ ஞாபகம் வந்துடுத்து. சொல்லட்டுமா?"

வக்கீல் மனைவியைப் பார்த்தார். ஜானு உள்ளே போனாள். அவர் அங்கவஸ்திரத்தை எடுத்துவந்து, மடிப்புக் கலையாமல் அவர் தோளில் போட்டாள்.

"போயிட்டு வாங்கோ" என்றாள்.

போக வண்டி ஒன்றுதான் இருந்தது. முனியன் ஜட்காவின் பின்புறப் பலகையைத் தட்டித் துடைத்தான். வலியுல்லாவும் சகினாவும் ஏறிக்கொண்டார்கள். லஸ் பக்கத்து வக்கீல், மாலை போட்ட மோட்டாரில் கிளம்பவிருந்த மனிதர், வெறுங்காலோடு நின்று ராணியின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறுங்க சார். இவளைக் கயட்டி மாட்ட வேணாம், தன்னால கெளம்புவா" என்றான் முனியன்.

வலியுல்லா நகர்ந்து இடம் கொடுத்தார். வக்கீல் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜட்கா தெருவில் திரும்பியது. தெருக்கோடி வரை வரிசையில் நின்ற பெண்கள் ஒதுங்கி வழிவிட்டு, கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். தான் செய்த தப்பைச் சொல்ல மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் ஒரு இரும்புக் கடைக்காரரின் தெருவுக்குத் தானே போகிறார். அன்று அந்தத் தெருவுக்கு அதிசயம் பார்க்க வந்த யாரும் வெறுமனே திரும்பிப் போகவில்லை.